வெயில் காணாத துணி

வரலாறு என்றவுடன் அரசர்களின் பெயர்களும் போர்களும் ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டவையே வரலாற்றுக்குச் சான்று என்று நாம் பள்ளியில் படித்திருக்கின்றோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. அது ஒரு பழந்துணியின் வரலாறு. நாட்டுப்புறப் பெண்கள் மாதவிலக்கு நாட்களில் பயன்படுத்தி வந்த பழஞ்சேலைக் கிழிசலின் வரலாறு. இதையெல்லாம் வானொலியில் பேசலாமா என்று என் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். பேசாமல் இருந்ததனால் நேர்ந்த இழப்பு எவ்வளவு என்று சொல்லத்தான் போகின்றேன் என்று அவருக்கு விடை கூறினேன்.

பல்லடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டுக் கொல்லையில், மாட்டுத் தொழுவத்துக்கும் மதிற்சுவருக்கும் இடையே, ஓர் ஆள் நுழையக்கூடிய சந்து இருந்தது. அச்சந்தில் ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். அதில் எப்போதும் ஒரு கிழிந்த சேலை தொங்கும். அந்தச் சேலைக்கு அடியில், பிறர் கண்ணில் படாதவாறு, சிறு துணித் துண்டுகள் உலரும். முற்றத்தில் கல்லும் வெடிக்கும் வெயில். சந்திலோ நாள் முழுதும் நிழல். என் தாய்வழிப் பாட்டியை நாங்கள் அம்மாயி என்று அழைப்போம். "முற்றத்தில் போட்டால் சீக்கிரம் காயுமே, அம்மாயி?" என்று ஒருநாள் கேட்டேன். "நாலு பேர் கண்ணுல பட்டா என்னாகறது, கண்ணு? அது வெயில் பாக்கற துணியில்ல" என்றார். அந்த விடை இன்றும் என் காதில் ஒலிக்கின்றது. அதன் பொருளைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

இந்த மறைப்பு மிகப் பழமையானது. புறநானூற்றின் 299ஆம் பாடல் பொன்முடியார் பாடியது. போர்க்களத்தில் முன்னே பாய்ந்த ஒரு வீரனின் மெலிந்த குதிரையையும், நெய்ச்சோறு தின்று கொழுத்தும் பின்வாங்கி நின்ற பகைவர் குதிரைகளையும் அப்பாடல் ஒப்பிடுகின்றது. பின்வாங்கிய குதிரைகளுக்கு உவமையாக வருபவர்கள், முருகன் கோயிலில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் விலக்கு நாள் மகளிர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வழக்கம் உவமை கூறும் அளவுக்கு யாவரும் அறிந்ததாய் இருந்தது என்பது இதனால் தெளிவாகும். தொல்காப்பியமோ இதனை வேறொரு நோக்கில் காண்கின்றது. பரத்தையை நாடிச் சென்ற கணவனும், மனைவிக்குப் பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரண்டு நாள் அவளை நீங்கி இருத்தல் ஆகாது என்று கற்பியல் விதிக்கின்றது. ஒரு நூல் ஒதுங்கி நிற்றலைச் சொல்கின்றது. மற்றொரு நூல் ஒதுக்காமையைச் சொல்கின்றது. ஆனால் அத்துணியைப் பற்றி இரண்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சொற்களும் மறைத்தே வழங்கின. பூப்பு என்பது அழகிய சொல். மலர்தல் என்னும் பொருள் உடையது. காலப்போக்கில் தீட்டு என்றும், தூரம் என்றும், வீட்டுக்கு விலக்கு என்றும் பெயர்கள் வழங்கலாயின. பெயர் மாறமாற, பெண் வீட்டின் நடுவிலிருந்து திண்ணைக்கும், திண்ணையிலிருந்து தொழுவத்துக்கும் நகர்ந்தாள். மதுரை மாவட்டத்துக் கூவலாபுரம் போன்ற ஊர்களில், விலக்கு நாட்களில் பெண்கள் தங்குவதற்கென்றே தனிக்கட்டடம் உண்டு. அதற்கு முட்டுத்துறை என்று பெயர்.

மூன்று நாள் ஒதுக்கி வைத்தது பெண்ணுக்கு ஓய்வு கொடுப்பதற்காகத்தானே என்று வாதிடுவோர் உண்டு. அடுப்படி வேலையிலிருந்து அந்நாட்களில் விடுதலை கிடைத்தது என்பதில் சிறிது உண்மையும் உண்டு. ஆயினும் அந்த ஓய்வு யாருக்குக் கிடைத்தது என்பதை நாம் ஆராய வேண்டும். அன்றாடக் கூலி இல்லாமல் உலை கொதிக்கும் வீடுகளில்தான் ஓய்வுக்கு இடம் இருந்தது. கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு வீட்டுக்குள் செல்லத் தடை இருந்தது. காட்டு வேலைக்குச் செல்லத் தடை இருந்ததில்லை. களை வெட்டினாள், நாற்று நட்டாள், கதிர் அறுத்தாள். தீட்டு என்று தண்ணீர்க் குடத்தைத் தொடவிடாத சமுதாயம், அவள் நட்ட நெல்லை மட்டும் மறுப்பின்றி உண்டது.

எங்கள் பக்கம் கம்போடியாப் பருத்தி விளைந்த பூமி. விடியற்காலையில் பெண்கள் வரிசையாகக் காட்டுக்குச் செல்வார்கள். சேலை முந்தானையை மடியாகக் கட்டி, வெடித்த பருத்தியை எடுத்து அதில் நிரப்புவார்கள். நண்பகல் வரை குனிந்த முதுகு நிமிராது. அவர்கள் எடுத்த பருத்தி கோயம்புத்தூர் ஆலைகளுக்குச் சென்று நூலாகித் துணியாகும். கோவையில் முதல் நூற்பாலை 1888ஆம் ஆண்டில் தோன்றிற்று. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பல்கிப் பெருகின. பருத்தியினால் ஒரு நகரமே எழுந்தது. அப்பருத்தியைத் தன் கையால் எடுத்த பெண், தன் உடம்பின் தேவைக்குப் பழந்துணியையே நம்பியிருந்தாள். மண்ணையும் சாம்பலையும் துணியில் முடிந்து பயன்படுத்திய ஏழைப் பெண்களும் இந்நாட்டில் இருந்தனர்.

இங்கே மருத்துவம் கூறும் ஓர் உண்மையை மாணவர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பழந்துணி தன்னளவில் தீயது அன்று. தூய பருத்தித் துணியைச் சோப்பிட்டு நன்றாகத் துவைத்து, வெயிலில் முற்றும் உலர்த்தி, தூய்மையான இடத்தில் மடித்து வைத்தால், அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெயில் ஈரத்தைப் போக்குகின்றது. நுண்கிருமிகளையும் பெரிதும் அழிக்கின்றது. பாதி உலர்ந்த துணியை இருட்டுச் சந்திலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்தும்போதுதான் அரிப்பும் புண்ணும் தொற்றும் நேர்கின்றன. வெயில் என்பது பணம் கொடுத்து வாங்கும் பொருள் அன்று. நம் நாட்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை. அந்த இலவச மருந்தைக்கூட அத்துணிக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தது கூச்சம் ஒன்றே. என் பாட்டியின் விடைக்கு இதுதான் பொருள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு சுமார் பன்னிரண்டு வயதில் தொடங்கி நாற்பத்தெட்டு வயதளவில் நிற்கின்றது என்று கொள்வோம். மாதத்துக்கு ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 60 நாள். கருவுற்றிருக்கும் காலத்தைக் கழித்துவிட்டாலும் ஏறத்தாழ 2,000 நாட்கள், அதாவது ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஐந்தரை ஆண்டுகளில் அவள் பள்ளிக்குச் சென்றாளா, வேலைக்குச் சென்றாளா, கூலி பெற்றாளா என்பது, மறைவான ஓரிடமும் தண்ணீரும் தூய துணியும் அவளுக்குக் கிடைத்தனவா என்பதைப் பொறுத்தது. ஆகவே இது உடல்நலம் பற்றிய பொருள் மட்டும் அன்று. பொருளாதாரம் பற்றியதும் ஆகும்.

என்னுடன் படித்த ஒரு பெண் இருந்தாள். கணக்கில் என்னைவிட அவள் கெட்டிக்காரி. ஆசிரியர் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். ஏழாம் வகுப்பில் பாதி ஆண்டு சென்றபின் அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். படிப்பில் நாட்டமின்மையால் நின்றுவிட்டாள் என்று வருகைப் பதிவேட்டில் எழுதி, அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அவளைப் பற்றிப் பின்னரும் சொல்வேன்.

இனி, கடையில் விற்கும் நாப்கின் தோன்றிய கதைக்கு வருவோம். முதல் உலகப் போரின்போது, அமெரிக்காவைச் சேர்ந்த கிம்பர்லி கிளார்க் நிறுவனம், மரக்கூழிலிருந்து செல்லுகாட்டன் என்னும் பொருளைச் செய்து போர்க்கள மருத்துவமனைகளுக்கு அனுப்பிற்று. போர்ப் புண்களைக் கட்டுவதற்குப் பஞ்சு போதவில்லை. இம்மரக்கூழ் பஞ்சைவிட மிகுதியாக ஈரத்தை உறிஞ்சிற்று, விலையும் குறைவு. அதனை மாதவிலக்குக்கும் பயன்படுத்தலாம் என்று கண்டறிந்தவர்கள் அம்மருத்துவமனைகளில் பணியாற்றிய செவிலியர்களே. போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டு முதல், கோட்டெக்ஸ் என்னும் பெயரில் அது கடைகளுக்கு வந்தது. அங்கும் கூச்சம் குறுக்கே நின்றது. ஆண் விற்பனையாளரிடம் கேட்பதற்குப் பெண்கள் தயங்கினார்கள். எனவே, பொருளை மேசைமீது அடுக்கி வைத்து, காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பேசாமல் எடுத்துச் செல்லும் முறை அங்கே கையாளப்பட்டது. நம் ஊர்க் கடைகளில் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுப்பதும் இதே கூச்சத்தின் மற்றொரு வடிவந்தான்.

நம் நாட்டுக்கும் அப்பொருள் வந்தது. ஆனால் நாட்டுப்புறக் கூலிப் பெண்ணின் கைக்கு எட்டும் விலையில் வரவில்லை. அவள் கையில் தனக்கென்று காசும் இல்லை. வீட்டுச் செலவு ஆண்களின் கையில் இருந்தது. இந்நிலையில் மாறுதல் தோன்றிய வரலாறு வேறொரு திசையில் தொடங்குகின்றது. 1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைக்கப்பட்டது. 1989இல், வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு, தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992இல் நபார்டு வங்கி, முதற்கட்டமாக 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியில் இறங்கிற்று. ஊரில் சுமார் இருபது பெண்கள் ஒன்றுகூடி, வாரந்தோறும் சிறுதொகை சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து, கணக்கு எழுதி, பிறகு வங்கிக் கடன் பெற்றார்கள். கணவன் பெயரால் அன்றித் தன் பெயரால் கையொப்பமிட்டுப் பணம் வாங்கும் வாய்ப்பு, பல்லாயிரம் பெண்களுக்கு அப்போதுதான் முதன்முறையாகக் கிடைத்தது. அப்பணத்தைக் கொண்டு என்ன தொழில் செய்வது என்பது அடுத்த கேள்வியாயிற்று.

அதற்கு ஒரு விடை கோவைப் பட்டறை ஒன்றிலிருந்து வந்தது. பம்புசெட்டும் மாவரைக்கும் கிரைண்டரும் செய்து பழகிய ஊர் அது. அருணாசலம் முருகானந்தம் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை விபத்தில் இறந்ததனால் தாய் வயல் வேலைக்குச் சென்றார்; மகன் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நின்றார். பிறகு வெல்டிங் பட்டறையில் தொழில் கற்றார். 1998இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி எதையோ மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டு அவர் வினவினார். அது அழுக்கேறிய பழந்துணி. கடையில் விற்பதை வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கும் காசு குறைந்துவிடும் என்பது மனைவி கூறிய காரணம். துணியா பாலா என்று ஒரு குடும்பம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த நிலையை அந்த ஒரு விடை காட்டிற்று.

அவர் கடைக்குச் சென்று ஒரு நாப்கின் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது சுமார் பத்துக் கிராம் பஞ்சு என்றும், அதன் அடக்கம் பத்துப் பைசா என்றும் எண்ணினார். விற்ற விலையோ நான்கு ரூபாய். பஞ்சினால் தாமே செய்து மனைவியிடமும் தங்கையரிடமும் கொடுத்தார், அது பயன்படவில்லை. மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். பின்னர், பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தம் உடலிலேயே கட்டிக்கொண்டு சோதனை செய்தார். ஊரார் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றனர். மனைவி பிரிந்து சென்றார். பின்னர் தாயும் பிரிந்தார். அவர் சோதனையை நிறுத்தவில்லை.

அவர் அறியாமல் திகைத்த செய்தி ஒன்றே ஒன்றுதான். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தியது பஞ்சு அன்று, மரக்கூழ் இழை. 1920 முதலே உலகச் சந்தைக்கு வந்துவிட்ட பொருளின் உட்பொருள் இன்னதென்று கண்டறிய, கோவையில் ஒரு தொழிலாளி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலைய நேர்ந்தது. மாணவர்களே, அறிவு எல்லோருக்கும் பொதுவானது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அது எட்டுவதற்கு அவர் கொடுத்த விலையை எண்ணிப் பாருங்கள்.

மூலப்பொருள் தெரிந்தபின்னும் ஒரு தடை இருந்தது. அதைச் செய்யும் வெளிநாட்டுப் பொறியின் விலை கோடிக்கணக்கில் இருந்தது. எனவே அவர் அவ்வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார். முதற்பகுதி, கெட்டியான மரக்கூழ்த் தாளை வீட்டு மிக்ஸியைப் போன்ற ஒரு பொறியில் பஞ்சுபோல் உதிர்ப்பது. இரண்டாவது, அதனை அச்சில் இட்டு அழுத்துவது. மூன்றாவது, மெல்லிய துணி போன்ற உறையில் பொதிந்து ஓரத்தை ஒட்டுவது. நான்காவது, புறஊதாக் கதிரில் வைத்துக் கிருமி நீக்குவது. என் பாட்டி மறுத்த வெயிலின் வேலையை இங்கு ஒரு விளக்கு செய்தது. பொறியின் விலை ஒரு இலட்சம் ரூபாய்க்கும் குறைவு. படிக்காத பெண்ணும் அதை இயக்கக் கற்றுக்கொள்ளலாம். 2006இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இப்பொறி காட்சிக்கு வைக்கப்பட்டது. புதுமைக்கான பரிசும் பெற்றது. மனைவியும் திரும்பி வந்தார். 2016இல் முருகானந்தத்துக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவருடைய கண்டுபிடிப்பைவிட, அதனை அவர் யாருக்குக் கொடுத்தார் என்பதே வரலாற்று நோக்கில் முதன்மையானது. பெரிய நிறுவனங்களுக்கு விற்காமல், மகளிர் குழுக்களுக்கு விற்றார். பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் சிற்றூர்களுக்கு அப்பொறி சென்றது. 2014ஆம் ஆண்டளவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களில் அது இயங்கிற்று. ஒவ்வொரு குழுவும் தன் பொருளுக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டது. காசு இல்லாத பெண்கள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கொடுத்து வாங்கிச் சென்றார்கள். விற்றவளும் பெண், வாங்கியவளும் பெண். ஆதலின் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கவும் சொல்லவும் முடிந்தது. கடையில் காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பேசாமல் செல்லும் முறைக்கு இது நேர்மாறானது. உத்தரப் பிரதேசத்து ஹாப்பூர் மாவட்டத்துக் காத்திக்கேரா என்னும் ஊரில் இப்பொறியை இயக்கிய பெண்களைப் பற்றிய குறும்படம் 2019இல் ஆஸ்கார் விருது பெற்றது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, எல்லாம் இனிதே முடிந்தது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. என் வகுப்புத் தோழியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஊர்த் திருவிழாவில் கண்டேன். அவள் தன் மகளிர் குழுவின் கணக்கை எழுதி வந்தாள். இப்பொறியைப் பற்றி நான் ஆர்வத்தோடு சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். நாளொன்றுக்கு 250 செய்யலாம். ஒன்று இரண்டரை ரூபாய் என்றால் மொத்தம் 625 ரூபாய். மூலப்பொருளும் மின்கட்டணமும் போக மிஞ்சுவதைப் பத்துப் பேர் பங்கிட்டால், களை வெட்டும் கூலிகூட வராது என்று அவள் சொன்னாள். அவர்கள் குழு கடன் வாங்கி எருமைகள் வாங்கிற்று. அதைக் குறைகூற என்னால் இயலவில்லை. அவளுடைய கணக்கு சரியான கணக்கு.

அவள் கணக்கில் மற்றொரு தொகையும் பின்னர்ச் சேர்ந்தது. 2011இல் நடுவண் அரசு, ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர்கள் வாயிலாக, ஆறு நாப்கின் கொண்ட பொதியை ஆறு ரூபாய்க்கு விற்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதில் ஒரு ரூபாய் விற்கும் பெண்ணுக்கு ஊக்கத்தொகை. 2012இல் தமிழ்நாடு அரசு புது யுகம் என்னும் திட்டத்தின்கீழ், கிராமப்புறத்துப் பத்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ள பெண்களுக்கும், அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும், சிறையில் உள்ள பெண்களுக்கும் இலவசமாக வழங்கலாயிற்று. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது நாப்கினுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வரி விதிக்கப்பட்டது. பெண்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததனால் 2018 ஜூலையில் அவ்வரி நீக்கப்பட்டது. 2019இல் மக்கள் மருந்தகங்களில் ஒன்று ஒரு ரூபாய்க்கு விற்கப்பட்டது.

இவற்றால் விளைந்த நன்மை பெரிது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயது வரை உள்ள கிராமப்புறப் பெண்களில் தூய முறைகளைக் கையாண்டவர் 2015–16இல் நூற்றுக்கு 48 பேர். 2019–21இல் அத்தொகை 72 ஆக உயர்ந்தது. ஊர்ப் பெண்கள் உள்ளூரில் செய்யும் நாப்கினையும் அந்த ஆய்வு தூய முறையாகவே கொள்கின்றது என்பது குறிப்பிடத் தக்கது. ஆயினும் இலவசப் பொருளோடும் ஒரு ரூபாய்ப் பொருளோடும், இரண்டரை ரூபாய்க்கு விற்கும் ஊர்க்குழு எவ்வாறு போட்டியிடும்? வரி நீங்கியபோதும், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் வழி அடைபட்டதனால், சிறு உற்பத்தியாளருக்கு முழு நன்மை கிட்டவில்லை. பெண்ணின் உடல்நலத்துக்கு உதவிய அதே செயல், பெண்ணின் தொழிலுக்கு இடையூறாகவும் அமையக்கூடும். இதற்கு எனக்குத் தோன்றும் வழி எளிது. அரசு இலவசமாகக் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை; கொடுப்பதை ஊர்க் குழுக்களிடமிருந்து வாங்கிக் கொடுக்கலாம். சில மாவட்டங்களில் அவ்வாறு வாங்கியதும் உண்டு. கொள்முதல் உறுதியானால் என் தோழியின் கணக்கு மாறும். பெண் பெறுபவளாக மட்டும் நிற்காமல் செய்பவளாகவும் நிற்பாள்.

பழைய இருளும் முற்றும் நீங்கிவிடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது, பட்டுக்கோட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில், பூப்பெய்திய சிறுமி ஒருத்தி வழக்கப்படி வீட்டை ஒட்டிய குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் முறிந்து அக்குடிசையின்மேல் விழுந்தது. அவள் உயிர் நீங்கிற்று. சில அடி தூரத்தில் வீடு இருந்தது. மகாராஷ்டிரத்துப் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டச் செல்லும் பெண்கள் ஒரு நாள் வேலைக்கு வரவில்லையென்றால் தண்டம் கட்ட வேண்டும். அவர்களில் பலர் இளம் வயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்டார்கள். வேலைநாள் இழக்க அஞ்சியதும் அதற்கு ஒரு காரணம் என்று தெரிய வந்தபின், 2019இல் அம்மாநில அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. கூலி ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் இழுத்தால், ஏழைப் பெண் உடம்பையே விட்டுக்கொடுக்கின்றாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பயன்படுத்திய நாப்கினை என்ன செய்வது என்பது புதிய இடர். பழந்துணி மண்ணில் மக்கிப்போயிற்று. பிளாஸ்டிக் கலந்த நாப்கின் எளிதில் மக்காது. அதைத் தாளில் சுற்றாமல் எறிந்தால், துப்புரவுத் தொழிலாளி தம் கையால் எடுக்க நேர்கின்றது. எறிவதற்குரிய உறையையும் உற்பத்தியாளர் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கூறின. நம் கூச்சத்தின் சுமையை இன்னொருவர் தலையில் ஏற்றுவது முறையன்று. நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணியும் இன்றும் ஒரு நல்ல வழியே என்பதை மறக்கலாகாது.

விடைபெறும்போது என் தோழியிடம் நெடுநாள் கேட்க நினைத்ததைக் கேட்டேன். ஏழாம் வகுப்பில் ஏன் நின்றாய், படிப்பு பிடிக்கவில்லையா என்றேன். அவள் சிரித்தாள். நம் பள்ளியில் துணி மாற்ற ஓரிடம் இருந்ததா என்று திருப்பிக் கேட்டாள். முதல் மாதம் பாவாடை கறைபட்டு, கடைசி மணி அடிக்கும் வரை பெஞ்சை விட்டு எழாமல் இருந்தாளாம். மறுமாதம் அந்நாள் நெருங்கியபோது, இனிப் போகமாட்டேன் என்று தாயிடம் சொல்லிவிட்டாளாம். ஒரு மறைவிடமும் ஒரு குடம் தண்ணீரும் இருந்திருந்தால் அவள் படித்திருப்பாள். நாற்பது பேர் படித்த வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவள் நான். எனக்கும் தெரியவில்லை. பதிவேடோ, படிப்பில் நாட்டமின்மை என்று சொல்கின்றது. அந்தப் பதிவேட்டை நம்பி வருங்காலத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் அவள் வரலாற்றை எழுதினால், அது பொய்யான வரலாறாகவே அமையும்.

ஆகவே வரலாறு பயிலும் மாணவர்களுக்கும் மாணவியர்க்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். ஆவணக் காப்பகங்களில் இந்த வரலாற்றுக்குத் தாள் இல்லை. உங்கள் பாட்டியரிடமும் அத்தையரிடமும் அது இருக்கின்றது. எந்தத் துணியைப் பயன்படுத்தினார்கள், எங்கே உலர்த்தினார்கள், எத்தனை நாள் கூலியை இழந்தார்கள், எப்போது பள்ளியை விட்டார்கள் என்று பரிவோடு கேளுங்கள். சொல்ல விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். உங்கள் பள்ளியில் மறைவிடமும் தண்ணீரும் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்வது மாணவியரின் கடமை மட்டும் அன்று; பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாணவர்களின் கடமையும் ஆகும்.

எங்கள் வீட்டுச் சந்தில் இருந்த கயிறு இப்போது இல்லை. தொழுவத்தை இடித்தபோது அதுவும் போயிற்று. என் தம்பியின் பெண்கள் தங்கள் துணிகளை முற்றத்துக் கொடியில், நடுப்பகல் வெயிலில் உலர்த்துகின்றார்கள். நாலு பேர் அவ்வழியே போகின்றார்கள், வருகின்றார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.